தோராச் சுருளில் பிழை தென்படும்போது: அறிகுறியிலிருந்து தீர்வு வரை

யூதர்களின் ஜெப ஆலயத்தில் வாசிக்கப்படும், மோசேயின் ஐந்து ஆகமங்களைக் கொண்ட தோராச் சுருளும், காலை ஜெபத்தில் கையிலும் தலையிலும் கட்டிக்கொள்ளும் தெஃபிலின் பெட்டிகளுக்குள் இருக்கும் தோல் ஏடுகளும், வீட்டு நிலைக்காலில் பொருத்தப்படும் மெசூசா என்ற தோல் ஏடும் இன்றுவரை எபிரெய எழுத்துகளில் கையால்தான் எழுதப்படுகின்றன. மரபுக் கணக்கின்படி தோராவில் 3,04,805 எழுத்துகள் உள்ளன. ஒரு தெஃபிலின் இணையில் 3,188 எழுத்துகளும், மெசூசாவின் 22 வரிகளில் 713 எழுத்துகளும் உள்ளன. இவற்றில் ஓர் எழுத்து விடுபட்டாலும், உருக்குலைந்தாலும், பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டாலும் அந்தப் பொருள் சடங்குக்குத் தகுதியற்றதாகிவிடும். எழுதுபவரை சோஃபர் என்றும், எழுதியதைச் சரிபார்த்துத் திருத்துபவரை மகீஹா என்றும் அழைக்கிறார்கள். பலர் இரண்டு வேலைகளையும் கற்றிருந்தாலும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்ப்பதே நல்ல வழக்கம்.

அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் எந்தப் பிழையையும் திருத்திவிடலாம். இந்தச் சுருள்களின் நிலை வேறு. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் இரண்டு பிழைகளில், ஒன்றைக் கத்தியால் மெல்லச் சுரண்டினால் ஏடு பிழைத்துக்கொள்ளும். மற்றதை அதே கத்தியால் சுரண்டினால் அந்தத் திருத்தமே ஏட்டைக் கெடுத்துவிடும். அந்த மை அங்கே எப்படி வந்தது, எந்த வரிசையில் வந்தது என்பதுதான் இரண்டையும் பிரிக்கிறது. ஆகவே சரிபார்ப்பவர் பிழையின் உருவத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அது நேர்ந்த விதத்தையும் கண்டறிந்தாக வேண்டும்.

கத்தியை எடுப்பதற்கு முன்

கையில் இருப்பது தோராவா, தெஃபிலின் அல்லது மெசூசாவா என்பதே முதலில் தெளிவாக வேண்டியது. தோராவில் விடுபட்ட எழுத்தைப் பிறகு சேர்க்கலாம். தெஃபிலினையும் மெசூசாவையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வரிசை பிறழாமல் எழுத வேண்டும் என்பது சட்டம். அவற்றில் ஐந்தாம் வரியில் விட்டுப்போன எழுத்தைப் பத்தாம் வரிவரை எழுதிய பிறகு சேர்த்தால் அது வரிசை தவறிய எழுத்தாகிவிடும். அந்த எழுத்துக்குப் பின்னால் உள்ள அனைத்தையும் அழித்து மீண்டும் எழுதலாம் என்றால், இடையில் இறைப்பெயர் வந்திருக்கும். இறைப்பெயரை அழிப்பதற்குத் தடை இருக்கிறது.

இரண்டாவதாக, எழுத்தை எழுதித்தான் உருவாக்க வேண்டும். சுற்றியுள்ள மையைச் செதுக்கி எடுத்து, எஞ்சியதை எழுத்தாக ஆக்கக்கூடாது. இப்படிச் செதுக்குவதற்கு ‘ஹோக் தோஹோத்’ என்று பெயர். சரிபார்ப்பில் எழும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த ஒரு விதியைச் சுற்றியே அமைவதால், கீழே வரும் ஒவ்வோர் அறிகுறியிலும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, எந்த மரபைச் சேர்ந்த சுருள் என்று அறிந்து, அந்த மரபுக்குரிய மூலப்படியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏமன் யூதர்களின் தோரா ஒரு சில எழுத்துகளில் மற்றவர்களின் தோராவிலிருந்து வேறுபடுகிறது. ஆதியாகமம் 9:29இல் நோவாவின் நாட்களைச் சொல்லும் வினைச்சொல் ஏமன் சுருளில் பன்மையாகவும் மற்றவற்றில் ஒருமையாகவும் இருக்கும். எழுத்து வடிவங்களிலும் வேறுபாடு உண்டு: அஷ்கெனாஸி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத மரபு) எழுத்தர் ஹெத் என்ற எழுத்தை இரண்டு ஸாயின் எழுத்துகளாக எழுதி மேலே கூரை முனைபோல் இணைப்பார், செஃபார்தி (ஸ்பானிய வழி யூத மரபு) எழுத்தர் தட்டையான கூரையோடு எழுதுவார். இவற்றைப் பிழையென்று குறித்து, இருந்த சரியான எழுத்தைத் ‘திருத்திவிடுவது’ பெருந்தவறு.

அறிகுறி: எழுத்து வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது

பெரிதாகவோ சிறிதாகவோ, தலைகீழாகவோ, மேலே புள்ளி வைத்தோ எழுதப்பட்ட எழுத்தைக் கண்டால் முதலில் மூலப்படியைப் பாருங்கள். பெரும்பாலும் அது பிழையாக இருக்காது. ஆதியாகமத்தின் முதல் எழுத்தான பெத் பெரியது. லேவியராகமத்தின் முதல் சொல்லில் வரும் அலெஃப் சிறியது. எண்ணாகமம் 10:35-36ஐச் சுற்றி இரண்டு தலைகீழ் நூன்கள் நிற்கின்றன. ஆதியாகமம் 33:4இல் ஏசா யாக்கோபை முத்தமிட்டதைச் சொல்லும் சொல்லின்மேல் வரிசையாகப் புள்ளிகள் உண்டு. தோராவில் இப்படிப் புள்ளியிட்ட இடங்கள் மொத்தம் 10. எண்ணாகமம் 25:12இல் ‘ஷாலோம்’ என்ற சொல்லின் வாவ் வேண்டுமென்றே வெட்டுப்பட்டு நிற்கிறது. வேறெங்கும் வெட்டுப்பட்ட வாவ் பிழையே; இங்கே மட்டும் மரபு. தோராவின் பத்திகள் (சுருளில் பக்கம்போல் அடுத்தடுத்து நிற்கும் வரித்தொகுதிகள்) பொதுவாக வாவ் எழுத்தில் தொடங்குமாறு 42 வரி, 245 பத்தி என்ற அமைப்பில் எழுதப்படுகின்றன; பழைய சுருளொன்றில் அப்படித் தொடங்காத பத்திகள் இருந்தால் அதனால் சுருளுக்குக் குறையில்லை.

அறிகுறி: இரண்டு எழுத்துகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன

ஒவ்வோர் எழுத்தையும் சுற்றி நான்கு பக்கமும் வெற்றுத் தோல் இருக்க வேண்டும். இடையே ஒரு மெல்லிய மைக்கோடு ஓடினாலும் இரண்டு எழுத்துகளும் தகுதியிழக்கின்றன. இதற்கான தீர்வு எளியது: இரண்டு எழுத்துகளும் தத்தம் உருவத்தில் சரியாக இருந்து, தொடுதல் மட்டும் மிகுதியாக இருந்தால், அந்த இணைப்பை மட்டும் கத்தி நுனியால் சுரண்டிப் பிரித்துவிடலாம். எழுத்து முன்பே எழுத்தாக இருந்ததால் இது செதுக்கி உருவாக்கியதாகாது. தெஃபிலினிலும் மெசூசாவிலும்கூட இது அனுமதிக்கப்படுகிறது என்பது பெரிய ஆறுதல்.

ஆனால் தொடுதலால் எழுத்தின் உருவமே மாறியிருந்தால் இந்தச் சலுகை கிடையாது. வாவின் கால் பக்கத்து எழுத்தோடு தடிமனாக இணைந்து வேறோர் எழுத்துப்போலத் தெரிந்தால், வேலையை நிறுத்திவிட்டு இந்தச் சட்டங்களை அறிந்த ரப்பியிடம் (யூத மதகுருவிடம்) காட்ட வேண்டும். எழுத்தின்மேல் மைத்துளி விழுந்து உருவம் மறைந்துபோனதும் இதே நிலைதான். துளியைச் சுரண்டி அடியிலுள்ள எழுத்தை ‘வெளியே கொண்டுவருவது’ செதுக்கல். தோராவாக இருந்தால் அந்த எழுத்து உருவமற்றுப் போகும்வரை சுரண்டிவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்.

அறிகுறி: எழுத்து தன் உறுப்பையே தொடுகிறது

ஹே என்ற எழுத்துக்கு ஒரு கூரை, கூரையோடு இணைந்த வலக்கால், கூரையைத் தொடாமல் தனித்து நிற்கும் இடக்கால் என மூன்று பகுதிகள் உண்டு. இடக்காலுக்கும் கூரைக்கும் நடுவே வெள்ளையாக ஓர் இடைவெளி இருந்தாக வேண்டும். அது மூடிக்கொண்டால் ஹே ஹெத் போலாகிவிடும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் சில நேரம் அந்த இடைவெளியின் குறுக்கே ஒற்றை மயிரிழையளவு மை ஓடியிருப்பது தெரியும். இழைதானே என்று அதை மட்டும் வெட்டிவிடத் தோன்றும். அதைச் செய்யக்கூடாது. இணைந்திருந்தபோது அது ஹே அன்று; வெட்டியதால் ஹே ஆகிறது என்றால், அது செதுக்கிப் பெற்ற ஹே. சரியான முறை, இடக்கால் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, அதை மீண்டும் இறகால் எழுதுவது. கோஃப் எழுத்தின் இடக்காலுக்கும் இதே முறை. திறந்த மேமின் வாய் மூடிக்கொண்டால், ஒட்டிய இடத்தை மட்டும் திறப்பது போதாது. இடப்பக்கத்து மூக்குப் பகுதி முழுவதையும் எடுத்துவிட்டு மீண்டும் எழுத வேண்டும்.

இப்படி மீண்டும் எழுதுவது தோராவில் இயல்பாகச் செய்யப்படும் வேலை. தெஃபிலினிலும் மெசூசாவிலும் பின்னுள்ள எழுத்துகள் எழுதப்பட்ட பிறகு இது வரிசை மீறலாகிவிடுவதால், மயிரிழையளவு மையால் ஓர் ஏடு முழுவதும் போய்விடுவது உண்மையிலேயே நடக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மிகையாகத் தோன்றலாம். ஆயினும் எழுத்தின் பிறப்பையே அதன் தகுதியாகக் கொள்ளும் ஒரு மரபில் இதைவிடக் குறைந்த கண்டிப்பு முரண்பாடாகவே இருக்கும்.

அறிகுறி: எழுத்தில் பிளவோ விலகலோ தெரிகிறது

இங்கே பொறுமை மிகவும் தேவை. முதலில், பூதக்கண்ணாடி இடத்தைக் காட்டுவதற்கு மட்டுமே; தீர்ப்பு வெறுங்கண்ணுக்கு உரியது. கண்ணாடியில் மட்டும் தெரிந்து, கண்ணாடியை எடுத்ததும் மறைந்துவிடும் பிளவைப் பொதுவாகப் பிளவாகக் கணக்கிடுவதில்லை.

வெறுங்கண்ணுக்குத் தெரியும் பிளவானால், எந்த எழுத்து என்று பார்க்க வேண்டும். அலெஃபின் நடுவே சாய்கோடு; அதன் மேலும் கீழும் யோத் வடிவத்தில் இரு உறுப்புகள். மேல் யோத் சாய்கோட்டைத் தொடாமல் விலகி நின்றால், எந்தக் குழந்தையும் அதை அலெஃப் என்றே வாசிக்கும். என்றாலும் இணைப்பு அறுந்த அலெஃப் செல்லாது. ஆனால் வாசிக்கக்கூடிய உருவம் இருப்பதால், அந்த இணைப்பை மை தொட்டுச் சேர்க்கலாம். 16ஆம் நூற்றாண்டில் யோசேஃப் காரோ தொகுத்த சட்டநூலின்படி, தெஃபிலினிலும் மெசூசாவிலும் பின்னுள்ளவை எழுதப்பட்ட பிறகும் இதைச் செய்யலாம். ஷீன், அயின், ஸாதே எழுத்துகளின் கைகளுக்கும் இதே விதிதான். தலையில் இடும் சிறு கிரீடங்கள் விடுபட்டிருந்தாலும் பிறகு சேர்க்கலாம். அவை எழுத்தின் அடிப்படை உருவத்தில் அடங்குவதில்லை.

வாவின் கால் நடுவில் அறுந்திருந்தால் நிலைமை வேறு. எஞ்சியது குட்டையான வாவா, நீண்ட யோத்தா என்ற ஐயம் எழுகிறது. இதற்கு, யூதச் சட்ட விவாதங்களின் பழந்தொகுப்பான தல்மூதின் மெனாஹோத் பகுதி ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. ஒருவருடைய தெஃபிலினில், யாத்திராகமம் 13:15இல் வரும் ‘வயஹரோக்’ என்ற சொல்லின் வாவின் காலை ஒரு துளை வெட்டியிருந்தது. அவர் ரப்பி ஸேராவிடம் வந்து கேட்டார். மிகுந்த கெட்டிக்காரனுமல்லாத, மந்தனுமல்லாத ஒரு சிறுவனை அழைத்து வாசிக்கச் சொல்லும்படியும், அவன் ‘வயஹரோக்’ என்று வாசித்தால் செல்லும் என்றும், வாவாகக் கொள்ளாமல் வேறுவிதமாக வாசித்தால் செல்லாது என்றும் ரப்பி ஸேரா தீர்ப்பளித்தார். இந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. கெட்டிக்காரச் சிறுவன் பொருளை ஊகித்து வாசித்துவிடுவான். எழுத்தை அறியாதவனின் பதிலுக்கு மதிப்பில்லை. எழுத்துகளைக் கற்று, பொருளைத் தொடர்ந்து செல்லும் அளவுக்கு இன்னும் தேறாத வயதே தேவை. ஐயமுள்ள உருவத்துக்கு மட்டுமே இந்தச் சோதனை. இணைப்பு விலகியதோ, ஒட்டியதோ நம் கண்ணுக்கே தெரியும்போது சிறுவனின் பதில் எதையும் மாற்றாது.

அறிகுறி: தாலெத்தா, ரேஷா என்று தெரியவில்லை

இரண்டுக்கும் வேறுபாடு வலப்பக்க மேல்மூலை. தாலெத்துக்கு மூலை கூர்ந்து சற்றுப் பின்னோக்கி நீண்டிருக்கும். ரேஷின் மூலை வளைந்திருக்கும். உபாகமம் 6:4இல் ‘கர்த்தர் ஒருவரே’ என்னுமிடத்தில் உள்ள ‘எஹாத்’ தாலெத்தில் முடிகிறது. அது ரேஷாகிவிட்டால் ‘மற்றொருவர்’ என்ற பொருள் வந்துவிடும் என்பதால்தான் அந்தத் தாலெத் பெரிய எழுத்தாக எழுதப்படுகிறது. தாலெத் வேண்டிய இடத்தில் ரேஷ் இருந்தால், மூலையில் மை சேர்த்துத் தாலெத்தாக்கலாம், அதுவும் தோராவில் மட்டும். ரேஷ் வேண்டிய இடத்தில் தாலெத் இருந்தால் மூலையைச் சுரண்டி வளைப்பது செதுக்கல், தகாது. உறுப்பை எடுத்துவிட்டு மீண்டும் எழுத வேண்டும்.

அறிகுறி: எழுத்து அல்லது சொல் விடுபட்டோ மிகுந்தோ இருக்கிறது

இதைக் கண்ணால் கண்டுபிடிப்பதுதான் மிகக் கடினம். வாசகங்களை மனப்பாடமாக அறிந்தவரின் மனம், இல்லாத எழுத்தைத் தானே நிரப்பிவிடும். எனவே உருவப் பிழைகளுக்கு ஒருமுறையும், எழுத்துக்கூட்டலுக்கு மூலப்படியோடு ஒப்பிட்டு எழுத்தெழுத்தாக இன்னொரு முறையும் எனத் தனித்தனியே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டையும் ஒரே பார்வையில் முடிக்க முயல்பவர் இரண்டிலும் தவறவிடுவார். எண்ணாகமம் 7ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு கோத்திரத் தலைவர்களும் ஒரே காணிக்கையை ஒரே சொற்களில் கொண்டுவருகிறார்கள். அங்கே எழுத்தரின் கண் ஒரு தலைவரிலிருந்து இன்னொருவருக்குத் தாவுவது எளிது. யாத்திராகமத்தின் ஆசரிப்புக்கூடாரப் பகுதிகள் இருமுறை வருவதால், ஒரு பகுதியின் எழுத்துக்கூட்டல் மற்றதில் நுழைந்துவிடும்.

இந்த வகைப் பிழைகளுக்கு இப்போது கணினி உதவுகிறது. ஏட்டை வருடிப் படமெடுத்து, மென்பொருள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. பலர் பார்த்துத் தேர்ந்த சுருள்களிலும் அது விடுபட்ட எழுத்துகளைக் கண்டுபிடித்திருக்கிறது. இதைத் தவிர்ப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மயிரிழைத் தொடுதல், மெல்லிய பிளவு, முன்பு யாரோ செதுக்கித் திருத்திய தடம் ஆகியவற்றுக்கு மனிதக் கண்தான் வேண்டும். வரிசை மாறி எழுதியதை முடிந்த ஏட்டைப் பார்த்து எந்தக் கண்ணாலும் அறிய முடியாது, எழுத்தரின் நேர்மையை நம்பியாக வேண்டும்.

தோராவில் மிகுந்த எழுத்தைச் சுரண்டிவிடலாம். விடுபட்டதை வரிக்கு மேலேயுள்ள இடைவெளியில் எழுதலாம், அல்லது பக்கத்துச் சொற்களைச் சுரண்டி நெருக்கி எழுதி இடம் உண்டாக்கலாம். இதற்கும் எல்லை உண்டு: பத்திக்கு மூன்று பிழை என்றால் திருத்தலாம், நான்கு என்றால் சுருளைப் புதைக்க வேண்டும் என்றும், ஒரு பத்தியாவது முழுமையாக இருந்தால் அது மற்றவற்றைக் காக்கும் என்றும் மெனாஹோத் கூறுகிறது.

அறிகுறி: இறைப்பெயரில் அல்லது அதன் அருகில் பிழை

இங்கே கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள். அழிக்கத் தகாத ஏழு பெயர்களில் ஓர் எழுத்தைக்கூட அழிக்கக்கூடாது. இத்தடை உபாகமம் 12:3-4இலிருந்து பெறப்படுகிறது. பெயர் விடுபட்டிருந்தால், சாதாரணச் சொல்லொன்றைச் சுரண்டி அந்த இடத்தில் பெயரை எழுதி, சுரண்டிய சொல்லை வரிக்கு மேலே ஏற்றலாம். பெயர் மிகையாக எழுதப்பட்டிருந்தால் அந்தத் தோல் முழுவதையும் பிரித்தெடுத்துப் புதியது எழுதித் தைக்க வேண்டும். எடுத்த தோல் புதைக்கப்படும். ஒரு தோலில் 3 முதல் 8 பத்திகள் இருக்கும் என்பதால் இது நாட்கணக்கான வேலை. பெயரின் எழுத்து தேய்ந்தோ, பக்கத்து எழுத்தைத் தொட்டோ இருந்தால் சரிபார்ப்பவர் தானே முடிவெடுக்காமல் ரப்பியின் தீர்ப்பைப் பெற வேண்டும்.

அறிகுறி: இடைவெளி ஐயத்துக்குரியது

ஒரு சொல் இரண்டாகவோ இரண்டு சொற்கள் ஒன்றாகவோ தெரிந்தால் மேலே சொன்ன சிறுவனின் சோதனையே இங்கும் உதவும். பகுதிகளுக்கு இடையேயுள்ள ‘திறந்த’ (அடுத்த பகுதி புது வரியில் தொடங்கும்), ‘மூடிய’ (அதே வரியில் தொடரும்) இடைவெளிகள் இடம் மாறியிருந்தால் அது இதைவிடக் கடுமையானது. அவை மாறினால் தோரா செல்லாது. 12ஆம் நூற்றாண்டு யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ், எகிப்தில் தாம் கண்ட, வேதபாட அறிஞர் பென் ஆஷேரின் கையெழுத்துப் படியை ஆதாரமாகக் கொண்டு இந்த இடைவெளிகளின் பட்டியலைத் தந்தார். அந்தப் படியே, சிரியாவின் அலெப்போ நகரில் காக்கப்பட்டிருந்த அலெப்போ சுவடி என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். அந்நகரில் நடந்த 1947 கலவரத்துக்குப் பிறகு அதன் தோராப் பகுதியில் பெரும்பாலானவை காணாமல் போய்விட்டதால், இன்று அந்தப் பட்டியலின் மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது.

அறிகுறி: மை சிவந்து, மங்கி, செதிலாக உதிர்கிறது

மாசிக்காய், வேலம்பிசின், அன்னபேதி ஆகியவற்றைச் சேர்த்து மை காய்ச்சுகிறார்கள். அன்னபேதியிலுள்ள இரும்பு காலப்போக்கில் துருநிறம் காட்டும். எழுத்து இன்னும் வாசிக்கக்கூடியதாக இருந்தால் மேலே மை தொட்டு வலுப்படுத்தலாம். உருவம் அழிந்துவிட்டால் தெஃபிலினிலும் மெசூசாவிலும் வழியில்லை. உதிர்வு ஒரே இடத்தில் இல்லாமல் பரவலாக இருந்தால், எழுத்தை ஆராய்வதை நிறுத்திவிட்டுத் தோலைப் பாருங்கள். சில பழைய சுருள்களில் தோலுக்கு வெள்ளைப் பூச்சுக் கொடுத்திருப்பார்கள். சுருட்டி விரிக்கும்போது பூச்சு வெடித்து மையையும் உடன் கொண்டுபோகும். அத்தகைய சுருளில் இன்று நூறு எழுத்துகளைத் திருத்தினால் அடுத்த ஆண்டு வேறு நூறு உதிரும். உரியவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது கடமை.

மெசூசாவை ஏழாண்டுகளில் இருமுறை சரிபார்க்க வேண்டும் என்பது சட்டம். வெயிலும் மழையும் நேரடியாகப் படும் வாசலானால் அதைவிட அடிக்கடி பார்ப்பதே நல்லது.

அறிகுறி: கிழிசல்

இரண்டு வரிகளுக்குள் அடங்கும் கிழிசலைத் தைக்கலாம். மூன்று வரிகளுக்குச் சென்றால் ரப்பியைக் கேட்க வேண்டும். தையலுக்கு விலங்கின் நரம்பு நூல் மட்டுமே பயன்படும். பின்புறத்தில் தோல் துண்டை ஒட்டுவதும் வழக்கத்தில் உண்டு.

அறிகுறி: வாசிப்பின் நடுவே பிழை தெரிகிறது

ஓய்வுநாளில் எழுதுவதும் அழிப்பதும் கூடாது என்பதால் அங்கேயே திருத்த முடியாது. பொருளையோ உச்சரிப்பையோ மாற்றும் பிழையானால், வேறொரு சுருளை எடுத்து வாசிப்பைத் தொடர்கிறார்கள். உச்சரிப்பும் பொருளும் மாறாமல் எழுத்துக்கூட்டல் மட்டும் கூடியோ குறைந்தோ இருந்தால், நம் சுருள்கள் அந்த அளவுக்குத் துல்லியமானவை அல்ல என்பதால் வேறு சுருள் எடுக்க வேண்டியதில்லை என்று கிராக்கோவின் ரப்பி மோசே இசர்லிஸ் 16ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். பிழையுள்ள சுருளின் உறைக்கு வெளியே கச்சையைக் கட்டிப் பேழையில் வைப்பார்கள். அதைப் பார்ப்பவர் எவரும் தவறுதலாக எடுத்து வாசிக்காமல் இருப்பதற்கான அடையாளம் அது. ஓய்வுநாள் முடிந்ததும் அதிகாரத்தையும் வசனத்தையும் பத்தியின் வரியையும் ஒரு தனிச்சீட்டில் எழுதிச் சரிபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும். சுருளின்மேல் எந்தக் குறியும் இடக்கூடாது. திருத்தப்படாத புத்தகத்தை 30 நாட்களுக்குமேல் வைத்திருக்கக்கூடாது என்று தல்மூதின் கெதுபோத் பகுதி விதிப்பதால், கச்சை கட்டிய சுருளை அடுத்த பண்டிகைவரை தள்ளிப்போடாமல் அந்த வாரமே அனுப்பிவிட வேண்டும்.